கன்டோன்மென்ட் கோடு

1798-இல் ஹைதராபாத் நிஜாம் கிழக்கிந்தியக் கம்பெனியாரோடு உடன்படிக்கை செய்துகொண்டதும், அவர்களுடைய துணைப்படை வந்து ஹுசேன் சாகர் ஏரிக்கு வடக்கே கூடாரமடித்தது. 1806-இல் அந்த முகாமுக்கு நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரை வைத்தார்கள். செகந்தராபாத் பிறந்த கதை இதுதான். வந்தது மதராஸ் ராணுவம் என்பதால் சிப்பாய்களின் பின்னாலேயே தமிழ்க் குடும்பங்களும் வந்து குடியேறின. இன்றும் அந்த ஊரில் தமிழ் கேட்பதற்கு வேர் அங்கே இருக்கிறது.

அன்று எல்லையில் குழப்பமில்லை. உள்ளே பிரிட்டிஷ் அதிகாரம், வெளியே நிஜாமின் அதிகாரம். 1945-இல் கடைவீதிகள் நிறைந்த பகுதியை நிஜாமிடம் திருப்பிக் கொடுத்தார்கள். அது நகராட்சியாகி, 1950-இல் மாநகராட்சியாகி, 1960-இல் ஹைதராபாத்தோடு இணைந்தது. திருமலகிரி, பொலாரம் உள்ளிட்ட மிச்சப் பகுதி கன்டோன்மென்டாக ராணுவத்திடமே நின்றுவிட்டது.

அந்த மிச்சம் இன்று சுமார் 40 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பின்படி இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் இடம். சுற்றிலும் மாநகரம் மாடி மாடியாக உயர, இங்கே கட்டுமானத்துக்குக் கடும் கட்டுப்பாடு. பங்களா ஏரியாவில் சிக்கல் இன்னும் ஆழமானது. ‘ஓல்ட் கிராண்ட்’ பங்களா என்றால் சுவரும் கூரையும் குடியிருப்பவருடையது, அடியிலிருக்கும் மண் அரசுடையது. தலைமுறைகளாக வாழ்ந்த வீட்டையும் முழுதாகத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள முடியாது. பாதுகாப்பைக் காரணம் காட்டி ராணுவம் அடைத்த சாலைகளைத் திறக்கச் சொல்லி 2018-இல் டெல்லியிலிருந்து உத்தரவு வர வேண்டியிருந்தது.

என்னை அதிகம் உறுத்துவது வாக்குரிமை. பகுதியை நிர்வகிக்கும் கன்டோன்மென்ட் போர்டின் தலைவர் ராணுவ அதிகாரி. எட்டு வார்டுகளுக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2015 ஜனவரியில். நீட்டிக்கப்பட்ட பதவிக்காலமும் 2021-இல் முடிந்தது. 2023 ஏப்ரல் 30-க்கு அறிவித்த தேர்தலையும் மார்ச்சிலேயே ரத்து செய்தார்கள். குடிநீருக்கும் சாக்கடைக்கும் வரி கட்டுகிறவர்களுக்குக் கேள்வி கேட்க ஒரு கவுன்சிலர் இல்லை. சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் வாக்களிக்கிறவர்கள் தெருவிளக்குக்கு மட்டும் வாக்களிக்கக் கூடாதா?

அதே 2023-இல் இமாசலப் பிரதேசத்தின் காஸ் யோல் கன்டோன்மென்ட் கலைக்கப்பட்டது. செகந்தராபாத்தின் சிவில் பகுதிகளையும் மாநகராட்சியோடு சேர்க்கும் பேச்சு அதன்பின் வேகம் பிடித்தது. குடிமை வசதிகளுக்கான சொத்துகளை இலவசமாகத் தருவோம், ஆனால் பொருந்தும் இடங்களில் நில உரிமை எங்களிடமே இருக்கும் என்பது மத்திய அரசின் நிலை. நிலம் இல்லாத இணைப்பால் மாநிலத்துக்கு வந்துசேர்வது பெரும்பாலும் பராமரிப்புச் செலவுதான். இழுபறிக்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

சிவில் பகுதிகளை மட்டும் வெட்டி எடுத்தால் பங்களா ஏரியாவில் இருப்பவர்களின் கதி என்ன? வளாகத்துப் பின்கட்டுகளில் வாடகைக்கு இருக்கும் ஏழைக் குடும்பங்களை எந்தக் கணக்கில் சேர்ப்பார்கள்? வரைபடத்தில் கோடு போடும் முன்பே இதற்கு எழுத்தில் பதில் வேண்டும். இணைப்பு முடியும்வரை காத்திருக்காமல் போர்டு தேர்தலையும் நடத்த வேண்டும்.