நெல்லி காய்க்க இணை இரகம் தேவை

உத்தரப்பிரதேசத்தின் பிரதாப்கர் மாவட்டம் நெல்லிக்குப் பெயர்பெற்றது. பிற பழமரங்கள் எளிதில் நிலைகொள்ளாத களர் நிலத்திலும் நெல்லி வளர்வதால், அது அங்குள்ள சிறு விவசாயிகளுக்கு ஒரு முக்கிய வருவாய்ச் சாதனமாக விளங்குகிறது.

ஆயினும், செழித்து வளர்ந்த மரம் பூத்தும் காய்க்காதிருப்பதுண்டு. உரக்குறைவே காரணமெனக் கருதிச் செலவைப் பெருக்குவதால் மட்டும் பயன் விளையாது. நெல்லியில் ஆண் பூக்களும் பெண் பூக்களும் ஒரே மரத்தில் தனித்தனியே தோன்றுகின்றன. ஆண் பூக்கள் மிகுதி. பெண் பூக்கள் சொற்பம். பழைய 'பனாரசி' இரகத்தில் இக்குறை பெரிது. குமார்கஞ்ச் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட என்.ஏ.-7 இரகத்தில் பெண் பூக்கள் அதிகம். எனினும், தன் இன மகரந்தத்தால் மட்டும் நெல்லியில் காய்பிடிப்பு நன்கு அமைவதில்லை.

எனவே, குறைந்தது இரண்டு இரகங்களை வரிசை மாற்றி நடுதல் வேண்டும். காய்க்காத பழைய தோப்பில் சில மரங்களின் கிளைகளைக் கவாத்து செய்து, புதிய தளிர்களில் வேறு இரகத்தை ஒட்டுக்கட்டலாம். மார்ச்-ஏப்ரலில் பூக்கும் பருவத்தில் நீர்ப்பாசனத்தை நிறுத்திவைத்தல் நலம். பிடித்த பிஞ்சு மழைக்காலம் வரை பருக்காமலே இருக்கும், இது இயல்பே.

நடவில் நேரும் பிழை பல ஆண்டுகள் கழித்தே வெளிப்படும். ஆகவே நாற்றங்கால்கள் இணை இரகக் கன்றுகளையும் சேர்த்தே வழங்குதல் இன்றியமையாதது.