முயலின் கண்ணும் மணப்பெண்ணின் மையும்

போடிநாயக்கனூரில் சுபுஹுத் தொழுகை முடித்துத் தெருவில் இறங்குவோர், போடிமெட்டு மலைச் சாலையை நோக்கி ஜீப்புகள் விரைவதை நாள்தோறும் காண்பர். ஏலத் தோட்ட வேலைக்குச் செல்லும் பெண்மக்கள் அவற்றில் நெருக்கியடித்து அமர்ந்திருப்பர். மலையேறாத பெண்கள் ஊரிலுள்ள கிட்டங்கிகளில் காய் பொறுக்குவர். பெருங்காய் வேறு, சிறுகாய் வேறு, வெடித்த காய் வேறு என அவர்களது விரல்கள் பிரித்துக் குவிக்கும் வேகம் நம்மை வியக்க வைக்கும்.

அவ்வாறு காய் பொறுக்கும் ஒரு தாயார், மூத்த மகளின் நிக்காஹுக்குச் சில நாட்கள் முன்னதாக, இரு பெண்மக்களுடன் என் இல்லத்திற்கு வந்தார். ஒரு பையிலிருந்து உதட்டுச் சாயம், முகப்பூச்சு, கண்மை, மருதாணிக் குழல் ஆகியவற்றை எடுத்து என் மனைவியிடம் கொடுத்து, "இவற்றில் பன்றிக் கொழுப்பு ஏதும் கலந்திருக்கிறதா என்று ஹஜ்ரத் அவர்களிடம் கேட்டுச் சொல்லுங்கள் அம்மா" என்றார். சிலவற்றைச் சவூதியிலிருந்து அவருடைய தம்பி அனுப்பியிருந்தார்; மற்றவை கடைத்தெருவில் வாங்கியவை.

நான் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொட்டலங்களின் எழுத்துக்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். கிளிசரின் எதிலிருந்து எடுக்கப்பட்டது, செந்நிறம் பூச்சியிலிருந்து வந்ததா என்றெல்லாம் எனக்குத் தெரிந்தவரை விளக்கிக்கொண்டிருந்தேன். அப்பொழுது பத்து வயதுடைய இளைய மகள் ஒரு குப்பியைச் சுட்டிக்காட்டி, "இதில் முயல் படம் போட்டிருக்கிறதே ஹஜ்ரத், இதில் முயல் கொழுப்பா?" என்று வினவினாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கோ விடை தெரியவில்லை. கேட்டு அறிந்து மறுவாரம் சொல்வதாக வாக்களித்தேன். அந்த விடையையே இங்கு எழுதுகின்றேன்.

1930களில் அமெரிக்காவில் 'லேஷ் லூர்' என்றொரு இமைச் சாயம் விற்பனையாயிற்று. பாரா-ஃபினிலீன் டையமின் என்னும் சாயப்பொருள் அதில் இருந்தது. அதனைத் தீட்டிக்கொண்ட பெண்கள் பலருடைய கண்கள் புண்ணாயின; பார்வை இழந்தவரும் உண்டு, உயிர் துறந்தவரும் உண்டு. இத்தகைய கொடுமைகள் வெளியாகவே, 1938ஆம் ஆண்டு அந்நாட்டில் அழகுப் பொருள்களையும் கட்டுப்படுத்தும் சட்டம் பிறந்தது. ஜான் டிரெய்ஸ் என்னும் அரசாங்க ஆய்வாளர் 1944இல் தம் துணைவருடன் ஒரு சோதனை முறையை வகுத்து வெளியிட்டார்.

அம்முறை இதுதான். வெண்ணிற முயலைத் தலைமட்டும் வெளியே தெரியும்படி சட்டத்தில் பூட்டுவார்கள். ஒரு கண்ணில் சோதிக்க வேண்டிய பொருளை இடுவார்கள்; மற்றைக் கண்ணை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக விட்டுவைப்பார்கள். பிறகு கண் சிவக்கிறதா, சீழ் பிடிக்கிறதா, வெண்படலம் மூடுகிறதா என்று நாட்கணக்கில் குறித்துக்கொள்வார்கள். முயலைத் தெரிந்தெடுத்ததற்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று என் நெஞ்சை விட்டு அகலவில்லை. மனிதரின் கண்ணைப்போல் அதன் கண் நீரைப் பெருக்கி, விழுந்த பொருளைக் கழுவித் தள்ளுவதில்லையாம்.

கண்ணீர் என்றதும், நாம் பலமுறை பயான்களில் கேட்டிருக்கும் ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வருகின்றது. மதீனத்து அன்ஸாரித் தோழர் ஒருவரின் தோட்டத்திற்குள் பெருமானார் (ஸல்) அவர்கள் நுழைந்தபொழுது, அங்கிருந்த ஒட்டகம் அவர்களைக் கண்டு முனகிற்று. அதன் கண்களிலிருந்து நீர் வழிந்தது. அண்ணலார் அருகே சென்று அதன் செவிப்புறத்தைத் தடவிக் கொடுத்தார்கள். உரிமையாளரை அழைத்து, நீர் இதனைப் பட்டினி போட்டு ஓயாது வருத்துவதாக இது என்னிடம் முறையிடுகின்றது, இதன் விஷயத்தில் அல்லாஹ்வை அஞ்சவேண்டாமா என்னும் கருத்துப்படக் கடிந்துரைத்தார்கள். அபூதாவூதில் பதிவான செய்தி இது. முகத்தில் சூடிடப்பட்ட கழுதையைக் கண்டபோது, சூடிட்டவனை அவர்கள் சபித்தார்கள் என்பது முஸ்லிமில் உள்ளது. பறவையைக் கட்டிவைத்துக் குறிபார்த்து அம்பெய்து விளையாடிய இளைஞர்களைக் கண்ட இப்னு உமர் (ரலி) அவர்கள், உயிருள்ளதை இலக்காக்குபவரை நாயகம் (ஸல்) அவர்கள் சபித்ததை எடுத்துரைத்தார்கள்.

இவ்விடத்தில் ஒரு வினா எழும். ஆட்டையும் மாட்டையும் அறுத்து உண்ணும் நாம் முயலுக்காக இரங்குவது எவ்வாறு பொருந்தும்? முயலே உண்ண ஆகுமான பிராணியாயிற்றே! அபூதல்ஹா (ரலி) அவர்கள் அறுத்தனுப்பிய முயலின் தொடையைப் பெருமானார் ஏற்றுக்கொண்டதாக அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்திருக்கின்றார்கள். உண்மைதான். ஆயினும் அறுப்பதற்கே ஷரீஅத் எத்தனை நிபந்தனைகளை விதித்திருக்கின்றது என்பதை எண்ணிப் பாருங்கள். கத்தியைத் தீட்டிக்கொள்ள வேண்டும். பிராணிக்கு ஆறுதல் அளிக்க வேண்டும். ஒன்றின் கண்ணெதிரே மற்றொன்றை அறுப்பது கூடாது. பசிக்காக ஓர் உயிரை விரைவில் முடிப்பதற்கே இவ்வளவு என்றால், உதட்டின் நிறத்திற்காக ஓர் உயிரை நாட்கணக்கில் வதைப்பதற்கு எங்கே இடம்?

நம் ஃபிக்ஹுக் கலை வல்லுநர்கள் மனிதத் தேவைகளை மூன்று படிகளாகப் பிரித்துள்ளனர். இன்றியமையாதவை ளரூரிய்யாத், சிரமம் தீர்ப்பவை ஹாஜிய்யாத், அழகும் மெருகும் சேர்ப்பவை தஹ்ஸீனிய்யாத். இமாம் ஷாத்திபீ அவர்கள் இதனை விரிவாக ஆராய்ந்திருக்கின்றார்கள். முகப்பூச்சும் உதட்டுச் சாயமும் மூன்றாம் படியில் நிற்பவை. நோய் தீர்க்கும் மருந்தும் குழந்தையைக் காக்கும் தடுப்பூசியும் முதற்படியைச் சேர்ந்தவை. அவற்றை இதனோடு குழப்பிக்கொண்டு, சோதனை என்ற சொல்லைக் கேட்டதுமே மருந்தை மறுப்போர் சிலரை நான் அறிவேன். அது பெரும் பிழை. அல்ஹாஃபிழ் பஷீர் அஹ்மத் மஸ்ரி என்னும் பெரியார், இங்கிலாந்தின் வோக்கிங் நகர்ப் பள்ளிவாசலில் இமாமாக இருந்தவர், விலங்குகள் பற்றி 1987இலும் 1989இலும் வெளியிட்ட நூல்களில் இத்தேவைகளின் தரம் பார்த்தே சோதனைகளை எடைபோட்டிருக்கின்றார்.

நம் இல்லங்களில் கேட்கப்படும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: இதில் நஜீஸ் கலந்திருக்கிறதா? நன்று, கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் பொருள் தூய்மையானதா என்பது ஒன்று. அதைப் பெறுவதற்காக ஓர் உயிர் என்ன பாடு பட்டது என்பது மற்றொன்று. இதற்கு நம் மலைநாட்டுப் புனுகே சான்று. புனுகு தூய்மையானது, பூசிக்கொள்ள ஆகுமானது என்று ஹனஃபி நூலாகிய துர்ருல் முக்தாரில் காண்கின்றோம். ஷாஃபிகளும் அவ்வாறே உரைப்பர். அவ்வளவில் நின்றுவிட்டால், புனுகுப் பூனையைக் குறுகிய கூண்டில் அடைத்து, அதன் வாலடிச் சுரப்பியைச் சுரண்டி எடுக்கும் செயலைப் பற்றி நாம் ஒன்றுமே கேட்கவில்லை என்றாகும். இன்று அப்பிராணியை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கின்றது. பூனையைக் கட்டிப்போட்டுச் சாகவிட்ட பெண் நரகம் புகுந்த ஹதீதில், அப்பூனை நஜீஸா அன்றா என்ற ஆராய்ச்சியே வரவில்லை.

இனி முயல் படத்திற்கு வருவோம். 1980ஆம் ஆண்டு ஏப்ரலில் ஹென்றி ஸ்பைரா என்பவர் முன்னின்று, நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் ஒரு முழுப்பக்க விளம்பரம் வெளியிட்டார். அழகுக்காக எத்தனை முயல்களைக் குருடாக்குகிறீர்கள் என்று ரெவ்லான் நிறுவனத்தை அது வினவிற்று. அவ்வாண்டு முடிவதற்குள் அந்நிறுவனம் மாற்று வழி காணும் ஆராய்ச்சிக்காக ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்திற்கு ஏழரை இலட்சம் டாலர் அளிக்க முன்வந்தது. வாங்குவோர் கேட்டதனால் விளைந்தது இது. ஏல வாணிபம் செய்யும் நம்மூராருக்கு இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கடல் கடந்து வாங்குவோர் பூச்சிமருந்து எச்சத்தைச் சோதிக்கத் தொடங்கினால், தோட்டத்தில் தெளிக்கும் கையும் தயங்கத்தான் செய்யும்.

இன்று மனிதத் தோலின் அணுக்களைக் கிண்ணத்தில் வளர்த்துச் செய்த மெல்லிய தோலின்மீது பூச்சுப் பொருள்களைச் சோதிக்கின்றனர். கண்ணுக்கான சோதனையை, உணவுக்காக ஏற்கெனவே அறுக்கப்பட்ட மாடுகளின் விழிகளைக் கொண்டு செய்யும் முறையும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் படிப்படியாகத் தடை விதித்து, 2013 மார்ச்சில் விலங்குச் சோதனைக்கு உள்ளான புதிய அழகுப் பொருள்களின் விற்பனையையே நிறுத்திற்று. நம் இந்திய நாடு 2014 மே மாதத்தில் அழகுப் பொருள்களை விலங்குகளின்மீது சோதிப்பதைத் தடை செய்தது. அவ்வாண்டு நவம்பர் முதல் அவ்வாறு சோதிக்கப்பட்ட பொருள்களை இறக்குமதி செய்வதும் தடைப்பட்டது. தெற்காசியாவில் இதில் முந்தியது நம் நாடே. 2020இல் வந்த அழகுப்பொருள் விதிகளிலும் அத்தடை நிலைபெற்றிருக்கின்றது.

ஆகவே இங்கே செய்து, இங்கே உரிமம் பெற்று விற்கும் கண்மைக்காக முயல் வதைபடுவதைச் சட்டம் அனுமதிக்கவில்லை. விலை கூடிய சீமைச் சரக்குதான் இரக்கமுள்ளது என்று யாரேனும் சொன்னால் நம்பிவிடாதீர்கள். கவனிக்க வேண்டியவை வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வரும் அன்பளிப்புகளும், உரிமம் ஏதும் அச்சிடப்படாமல் மூலைக் கடைகளில் கிடைக்கும் குப்பிகளுமே. நம் இறக்குமதிச் சட்டத்தின் கண் அவற்றின்மீது விழுவதில்லை. சீன நாட்டில் இறக்குமதியாகும் சாதாரண அழகுப் பொருள்களுக்கு 2021 மே வரை விலங்குச் சோதனை கட்டாயமாக இருந்தது. பின்னரே நிபந்தனையுடன் தளர்த்தினர். பல நாடுகளில் விற்கும் நிறுவனங்கள் அங்கும் விற்பதற்காக அதற்கு உடன்பட்டிருந்தன.

தாவும் முயல் முத்திரை, 1996இல் விலங்கு நல அமைப்புகள் கூடி ஏற்படுத்திய ஏற்பாடு. மூலப்பொருள் தருவோர் உட்பட எவரும் விலங்கின்மீது சோதிப்பதில்லை என உறுதி பெற்று, பிறர் வந்து தணிக்கை செய்யவும் இசைந்த நிறுவனங்களுக்கே அது வழங்கப்படுகிறது. ஆனால் முயல் படமெல்லாம் அந்த முத்திரை ஆகாது. தாமாகவே ஒரு முயலை வரைந்து ஒட்டிக்கொள்வோரும் உண்டு. ஹலால் முத்திரை உள்ளிருக்கும் பொருளைப் பற்றிப் பேசுவது. முயல் முத்திரை சோதனையைப் பற்றிப் பேசுவது. ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது.

மறுவாரம் அக்குடும்பம் வந்தபொழுது இவற்றையெல்லாம் விளக்கினேன். சிறுமி, "அப்படியானால் முயல் உள்ளே இல்லை, தப்பித்துவிட்டது" என்று கைதட்டினாள். ஆயினும் நான் திருப்பிக் கொடுத்த பையில் ஒரு பொருளை மட்டும் வைக்கவில்லை. கறுப்பு மருதாணி என்று எழுதிய குழல் அது. செய்தவர் பெயரும் இல்லை, உட்பொருளும் இல்லை. மருதாணி இலை இயல்பில் செந்நிறமே தரும். கறுப்பு ஏற வேண்டி அதில் கலக்கப்படும் பொருள் பெரும்பாலும் அதே பாரா-ஃபினிலீன் டையமின்தான். எண்பதாண்டுகளுக்கு மேல் முயல்களை வருத்திய மனிதகுலம், அந்தச் சோதனைகளுக்கெல்லாம் முன்பே பெண்களின் கண்களைக் குருடாக்கிய பொருளை இன்னும் மணப்பெண்களின் கையில் பூசுகின்றது! கொப்புளங்களோடு நிக்காஹ் மேடையில் அமர்ந்தவர்கள் உண்டு. பழைய சுருமா என்றால் அஞ்சவேண்டாம் என்றும் எண்ணற்க. கடைகளில் விற்கும் சுருமாவில் ஈயம் கலந்திருப்பது பலமுறை கண்டறியப்பட்டுள்ளது.

தாயார் சற்று வருந்தினார். மகளின் கை கறுத்துச் சிவக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. பின்னர் அண்டை வீட்டுக் கொல்லையில் மருதாணி இலை பறித்து, அம்மியில் அரைத்து இட்டனர். நிறம் நன்றாகவே பிடித்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்மணி ஒருவர் மட்டும், "போடியில் கறுப்பு மருதாணி கிடைப்பதில்லையா?" என்று கேட்டாராம். அதற்கு இளையவள் முயலின் கதையை முதலிலிருந்து சொல்லத் தொடங்கிவிட்டாள் என்று கேள்வி.