கறுப்புச் சேலை சிவப்பாகவும் இருக்கலாம்

திருப்பூரில் சாய நிறத்தை முதலில் சிறு துணித்துண்டில் 'லேப் டிப்' போட்டு, மாதிரியோடு ஒப்பிட்ட பிறகே ஒப்புக்கொள்வார்கள். ஆனால் தாத்தா பாட்டியின் கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வண்ணமேற்றுகிறவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க மாதிரி கிடையாது.

பழைய ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிம் சிவப்பொளியை உணராது. அதனால் அரக்குச் சேலையும் குங்குமமும் ஏறக்குறைய கறுப்பாகவே பதிந்தன. 2020இல் ஃபோட்டோஷாப்பில் வந்த தானியங்கி வண்ணமேற்றும் வசதியும் நிறத்தை ஊகிக்கத்தான் செய்கிறது. படத்தில் உள்ள சேலை இன்னும் பீரோவில் இருந்தால், வண்ணமேற்றும் கலைஞரிடம் எடுத்துக் காட்டுவதைவிடப் பெரிய உதவி இல்லை.

சட்டகக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட பழைய படத்தைப் பிய்க்கவே கூடாது, முகமே உரிந்துவிடும். கண்ணாடியோடு படமெடுத்து, அந்தப் பிரதியில்தான் பூஞ்சைக் கறையை நீக்க வேண்டும்.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவோடு பழைய தமிழக ஸ்டூடியோப் படங்களை எண்மப்படுத்தியிருக்கிறது. வீடுகளிலும் வண்ணப்பிரதி சுவருக்குப் போன பிறகு, மூலப்படம் அமிலமற்ற தாளுறையில் பத்திரமாக இருக்கட்டும்.