உடம்புக்கு ஏற்ற மரவேலை: குறைந்த செலவில் வீட்டிலேயே செய்யலாம் வாங்க!

வாசற்படி உயரமாக இருக்கிறது. முட்டி வலியோடு ஏற முடியவில்லை. சக்கர நாற்காலி நிலைப்படியில் முட்டி நின்றுவிடுகிறது. ஆசாரியைக் கூப்பிட்டால், இவ்வளவு சின்ன வேலைக்கு ஒரு நாள் கூலி கட்டுப்படியாகுமா என்று அவரும் யோசிக்கிறார், நாமும் யோசிக்கிறோம். “சரி, நாமே செஞ்சுடலாம்னா, இந்த உடம்பை வெச்சுக்கிட்டு எப்படி?” என்ற கேள்வி அடுத்து வந்து நிற்கும்.

தாராளமாகச் செய்யலாம். மரவேலையில் பாதி, மரத்தை அசையாமல் பிடிப்பதுதான். அந்தப் பிடியை வேறொன்றிடம் ஒப்படைத்துவிட்டால், ஒரு கை உள்ளவரும் உட்கார்ந்தே இருப்பவரும் பாதுகாப்பாக வேலை செய்ய முடியும். எப்படி என்று பார்க்கலாம்.

வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள்

அளப்பது, அறுப்பது, பிடிப்பது, இணைப்பது என்று எந்த மரவேலையையும் நான்காகப் பிரிக்கலாம். இதில் பலம் கேட்பது பெரிய பலகைகளை அறுக்கும் வேலை. அதைக் கடையிலேயே விட்டுவிடுங்கள். ஒட்டுப்பலகை விற்கும் பல கடைகளிலும் மரவாடிகளிலும், அளவு எழுதிய தாளைக் கொடுத்தால் சிறு கூலிக்கு மெஷினில் அறுத்துத் தருவார்கள். வெட்டும் நேராக இருக்கும். 8 அடிக்கு 4 அடி முழுப் பலகையை வீட்டுக்குத் தூக்கி வரும் சிரமமும் இல்லை.

பிடிக்கும் வேலையைக் கிளாம்புக்குக் கொடுங்கள். அளப்பது, துளை போடுவது, பசை தடவித் திருகுவது, உப்புத்தாள் தேய்ப்பது ஆகியவை உங்களுக்கு. இவற்றை நிதானமாக, நாளைக்குக் கொஞ்சமாகச் செய்யலாம். 20 நிமிடம் வேலை, 10 நிமிடம் ஓய்வு என்று வைத்துக்கொண்டால் முதுகும் தோளும் தாங்கும். வலி வந்த பிறகு நிறுத்துவதைவிட, வருவதற்கு முன்பே நிறுத்துவது நல்லது.

உட்கார்ந்து செய்வது குறைவான வேலை இல்லை

நம் ஊர் ஆசாரிகள் காலங்காலமாகத் தரையில் உட்கார்ந்து, பலகையைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் இழைத்திருக்கிறார்கள். தரையில் உட்கார முடியாதவர்கள், கை இல்லாத கெட்டியான நாற்காலியில் உட்காரலாம். மேசை உங்கள் முழங்கை உயரத்துக்குச் சற்றுக் கீழே இருந்தால் தோள் வலிக்காது. சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கு மேசையின் அடியில் சுமார் 28 அங்குலம் இடைவெளி இருந்தால் முட்டி உள்ளே போகும். வேலையும் கைக்கு எட்டும். வேலை தொடங்கும் முன் நாற்காலியின் பிரேக்கைப் போட மறக்காதீர்கள். சாமான்களை எட்டிப் பிடிக்க வேண்டாதபடி ஒரு தட்டில் போட்டு மேசைமேலேயே வையுங்கள்.

கைப்பிடி வலுவில்லாதவர்கள் திருப்புளி, ரம்பம் இவற்றின் கைப்பிடியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டினால், பிடி தடிமனாகும்; இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்காது. நம் ஊரில் கிடைக்கும் சாதாரண ரம்பம் தள்ளும்போது அறுக்கும். இழுக்கும்போது அறுக்கும் ஜப்பான் வகை ரம்பமும் இப்போது கிடைக்கிறது. அதன் தகடு மெல்லியது, அறுக்கக் குறைந்த பலம் போதும்.

கண்பார்வை மங்கியவர்கள் பென்சில் கோட்டை நம்ப வேண்டாம். தேவையான நீளத்துக்கு ஒரு மாதிரிக் குச்சியை வெட்டி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு துண்டையும் அதோடு விரலால் தடவி ஒப்பிடலாம்.

எதை முதலில் வாங்குவது?

பெரும்பாலான ஊர்களில் சுமார் 1,500 ரூபாய்க்குள் தொடங்கலாம். அளவு டேப், மூலைமட்டம், சிறு ரம்பம், திருப்புளி, இரண்டு கிளாம்ப், மரப்பசை, உப்புத்தாள். இவ்வளவுதான். பணம் குறைவாக இருந்தால் மற்றதைக் குறைத்துக்கொள்ளுங்கள், கிளாம்பைக் குறைக்காதீர்கள். அதுதான் உங்களுக்கு இன்னொரு கை. டிரில்லிங் மெஷினை வாங்கத் தேவையில்லை. பக்கத்தில் இரவல் வாங்கலாம், பல ஊர்களில் வாடகைக்கும் கிடைக்கிறது.

பசை காயும்வரை துண்டுகளை இறுக்கிப் பிடிக்க, சைக்கிள் டியூபை நீளமாகக் கீறி எடுத்து இழுத்துச் சுற்றுங்கள். சைக்கிள் கடையில் தூக்கிப்போடும் டியூபே போதும்.

மரம் எங்கே மலிவு?

ஒட்டுப்பலகைக் கடையில் ‘கட் பீஸ்’ கேளுங்கள். பெரிய வேலைகளில் மிஞ்சிய துண்டுகள், முழுப் பலகை விலையைவிட மலிவாகக் கிடைக்கும். வீட்டுக்குள் வைக்கும் சாமானுக்கு ஐ.எஸ். 303 முத்திரை உள்ள பலகை போதும். மழை, தண்ணீர் படும் இடம் என்றால் ஐ.எஸ். 710 முத்திரை உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

தொழிற்பேட்டைகளில் சரக்கு வந்திறங்கும் மரப்பெட்டி, மரத்தட்டுகளும் கிடைக்கும். வெளிநாட்டுச் சரக்கோடு வந்தவற்றில் ஒரு முத்திரை இருக்கும். அதில் ஆங்கிலத்தில் ‘எச்.டி.’ என்று இருந்தால் சூடேற்றிப் பூச்சி நீக்கிய மரம், எடுக்கலாம். ‘எம்.பி.’ என்று இருந்தால் மீத்தைல் புரோமைடு என்ற நச்சு வாயுவால் பூச்சி நீக்கியது, வேண்டாம்.

இடித்த வீட்டின் கதவு, ஜன்னல் மரம் நல்ல மரமாகத்தான் இருக்கும். ஆனால் பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும். வீட்டு உபயோகப் பெயின்ட்டில் ஈயத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதனால் பழைய பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள்; அந்தத் தூள் குழந்தைகளுக்குப் பெரிய ஆபத்து. பெயின்ட் அடித்த பழைய மரம் இல்லாமலேயே தொடங்குவோம்.

முதல் மூன்று வேலைகள்

1. தடுப்புப் பலகை: இது உங்களுக்கான கருவி. 10 அங்குலத்துக்கு 8 அங்குலப் பலகைத் துண்டு ஒன்று, 8 அங்குல ரீப்பர் துண்டு இரண்டு. ஒரு ரீப்பரை உங்கள் பக்க விளிம்பின் அடியிலும், இன்னொன்றை எதிர்ப்பக்க விளிம்பின் மேலேயும் திருகுங்கள். அடியில் இருப்பது மேசை விளிம்பில் மாட்டிக்கொள்ளும். மேலே இருப்பதில் மரத்தை முட்டுக்கொடுத்து, ரம்பத்தைத் தள்ளி அறுக்கலாம். தள்ளத் தள்ள மரம் தடுப்பில் நன்றாக அழுந்தும். ஒரு கையால் வேலை செய்பவர்கள் மரத்தைக் கிளாம்பாலும் இறுக்கிக்கொள்ளுங்கள்.

2. அரைப்படி: 8 அங்குலப் படியை இரண்டு 4 அங்குலப் படியாக்கும் மணை இது. முட்டி வலி உள்ளவர்களுக்குப் பெரிய நிம்மதி. 19 மி.மீ., அதாவது முக்கால் அங்குலப் பலகையில் இந்தத் துண்டுகளைக் கடையிலேயே வெட்டி வாங்குங்கள்: மேல்பலகை 24 அங்குலத்துக்கு 14 அங்குலம் ஒன்று; 24 அங்குல நீளத்தில் 3¼ அங்குல உயரப் பட்டை இரண்டு; 12½ அங்குல நீளத்தில் அதே உயரப் பட்டை மூன்று. எல்லாம் சேர்த்து 5 சதுர அடிப் பலகைக்குள் அடங்கும். நீளப் பட்டைகளுக்கு நடுவே குட்டைப் பட்டைகளை இரு முனையிலும் மத்தியிலும் வைத்து, பசை தடவி, ஒன்றரை அங்குல ஸ்க்ரூ போட்டுப் பெட்டிபோல இணையுங்கள். அதன்மேல் மேல்பலகையைப் பசை, ஸ்க்ரூ போட்டு மூடுங்கள். சிறு துளை போட்ட பிறகே ஸ்க்ரூ முறுக்குங்கள். இல்லாவிட்டால் பலகையின் விளிம்பு பிளந்துவிடும். ஸ்க்ரூவும் சுலபமாக இறங்கும், மணிக்கட்டும் வலிக்காது.

அடியில் சைக்கிள் டியூப் துண்டுகளை ஒட்டினால் வழுக்காது. முன் விளிம்பில் மஞ்சள் பெயின்ட் பட்டை ஒன்று அடித்துவிட்டால், பார்வை மங்கியவர்களுக்கும் படி எங்கே முடிகிறது என்று தெரியும். அசல் படியோடு நன்றாக ஒட்டி வையுங்கள். பெரியவர்கள் ஏறுவதற்கு முன், பலமுள்ள ஒருவர் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி, ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். உங்கள் வீட்டுப் படி 7 அங்குலம் என்றால் மணை மூன்றரை அங்குலம்; பட்டையின் உயரத்தை அதற்குத் தகுந்தபடி குறைத்துக்கொள்ளுங்கள்.

3. நிலைப்படிச் சாய்தளம்: சக்கர நாற்காலிக்கு ஒரு அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம் என்பது கணக்கு. நிலைப்படி 2 அங்குலம் என்றால் சாய்தளம் 24 அங்குலம். 3 அங்குலம் என்றால் 36 அங்குலம். இடம் இல்லை என்று நீளத்தைக் குறைக்காதீர்கள்; நாற்காலி பின்னால் சாய்ந்துவிடும்.

2 அங்குல நிலைப்படிக்கு, 12 மி.மீ. பலகையை வாசலின் அகலத்துக்கு வெட்டி வாங்குங்கள். அந்தப் பலகையே அரை அங்குலக் கனம். அதைக் கழித்தால், அடியில் தாங்கும் ஆப்புக் கட்டைகள் பின்பக்கம் ஒன்றரை அங்குலத்தில் தொடங்கி, 24 அங்குலத்தில் ஒன்றுமில்லாமல் முடிய வேண்டும். இந்த நீள ஆப்புகளை மரவாடியில் அறுத்து வாங்குவதே நல்லது. 6 அங்குலத்துக்கு ஒன்றாக வைத்துத் திருகுங்கள். பலகையின் முன் விளிம்பைச் சரிவாகச் சீவித் தரச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் சின்னச் சக்கரம் தட்டும். மேலே பெயின்ட் ஈரமாக இருக்கும்போதே சலித்த மணலைத் தூவினால் சக்கரமும் காலும் வழுக்காது. வெளியே வைப்பதாக இருந்தால் அடிப்பக்கம், விளிம்பு எல்லாவற்றுக்கும் பெயின்ட் அடியுங்கள். 6 அங்குலத்துக்கு மேல் உயரம் இருந்தால் கைப்பிடியோடு கட்ட வேண்டும். அதைக் கொத்தனாரிடம் விட்டுவிடுங்கள்.

இவற்றில் கவனம்

• சர்க்கரை நோய் உள்ளவர்கள் செருப்பு, முடிந்தால் மூடிய காலணி, போடாமல் வேலை செய்யக் கூடாது. கால் மரத்திருந்தால் ஆணி குத்தியதே தெரியாது. வேலை முடிந்ததும் பாதத்தைப் பாருங்கள்.

• இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் உளி, ரம்பம் எடுக்கும் முன் மருத்துவரிடம் கேளுங்கள். இவர்களுக்கு உப்புத்தாளும் திருப்புளியும் போதும். அறுப்பது எல்லாம் கடையில்.

• கிரைண்டர் மெஷினில் மரம் அறுக்கும் பிளேடை மாட்டிப் பயன்படுத்தாதீர்கள். இரண்டு கையும் திடமாக உள்ளவர்களிடமிருந்தே அது துள்ளிவிடும்.

• ஆஸ்துமா உள்ளவர்கள் முகக்கவசம் போட்டு, காற்றோட்டமான இடத்தில் தேயுங்கள். தூளைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

• வெட்டுப்பட்டால் சுத்தமான துணியால் விடாமல் 10 நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். இரத்தம் நிற்கவில்லை என்றால் உடனே 108. சின்னக் காயம்தானே என்று விடாமல், ஆரம்ப சுகாதார நிலையத்தில் டெட்டனஸ் ஊசி பற்றிக் கேளுங்கள்.

அரசு தரும் உதவிகள்

பக்கவாதத்துக்குப் பிறகோ, மூட்டுவலியோடோ வீட்டில் இருப்பவர்களுக்கு 2021 ஆகஸ்டு 5-ஆம் தேதி தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. சிகிச்சை தர வருபவரிடம், “இந்தக் கையால எவ்வளவு நேரம் திருகலாம், எவ்வளவு எடை தூக்கலாம்?” என்று கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் உடம்பைப் பார்த்தவர் சொல்வதுதான் சரியான அளவு.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 மொத்தம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. பல நலத்திட்டங்களுக்குக் குறைபாடு 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்ற மருத்துவச் சான்று தேவை. யூ.டி.ஐ.டி. எனப்படும் தனித்துவ அடையாள அட்டை இன்னும் எடுக்கவில்லை என்றால், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகுங்கள். சக்கர நாற்காலி, ஊன்றுகோல் போன்ற உதவி உபகரணங்களுக்கும், சுயதொழில் கடனுக்கும் வழிகாட்டுவது அந்த அலுவலகம்தான்.

செய்து பழகியதும் அக்கம்பக்கத்தில், “எங்க வீட்டுக்கும் ஒண்ணு செஞ்சு குடுங்க” என்று கேட்பார்கள். அதைத் தொழிலாக்க விரும்பினால், 35 வயது நிறைந்தவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் ‘கலைஞர் கைவினைத் திட்டம்’ இருக்கிறது. 25 வகைத் தொழில்களில் மரவேலையும் உண்டு. 3 லட்சம் ரூபாய் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் வரை மானியம். விவரங்களுக்கு மாவட்டத் தொழில் மையத்தைக் கேளுங்கள்.

விண்ணப்பித்தும் பதில் வரவில்லையா? முதல்வரின் உதவி மைய எண் 1100-ஐ அழையுங்கள். அழைக்கும்போது விண்ணப்ப எண்ணையும், கொடுத்த தேதியையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். புகார் எண் கொடுத்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.