வாடைக் காற்றும் பினாங்கு மழையும்

மார்கழி, தை மாதங்களில் வடதேசங்களிலிருந்து வரும் செய்திகளில் பனிப்புயலுக்குக் குறைவிராது. சீனத்தில் இரயில்கள் ஓடவில்லை, மங்கோலியாவில் ஆடுமாடுகள் விறைத்து மாண்டன, ஜப்பானில் கூரைகள் பனியின் பாரம் தாங்காமல் சரிந்தன என்றெல்லாம் அவை கூறும். ஜார்ஜ் டவுனில் அச்செய்தியைப் படிப்பவர் விசிறியைச் சற்று விரைவாகச் சுழல விட்டு, அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுவார். பூமத்திய ரேகைக்கு ஐந்தரை டிகிரி வடக்கே இருக்கும் ஊருக்குக் குளிர்காலம் ஏது?

பினாங்கில் பனி விழாது என்பது மெய்தான். ஆனால் வடதேசத்துக் குளிர்காலம் பினாங்கைத் தொடுவதே இல்லை என்று எண்ணுவது பிழை. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் படிகளைச் சுடுகின்ற வெயிலும், அதற்குச் சில வாரங்களுக்கு முன் கிளந்தானில் வீடுகளைச் சூழ்ந்து நிற்கும் வெள்ளமும் ஒரே காற்றின் இரு செயல்களே. அக்காற்று பிறக்குமிடம் சைபீரியா.

தமிழருக்கு இக்காற்று புதியதன்று. தென்றல், வாடை, கொண்டல், கோடை எனத் திசைக்கொரு பெயர் வழங்கிய மக்கள், வடக்கிலிருந்து வருவதை வாடை என்றனர். பத்துப்பாட்டில் நெடுநல்வாடை என்னும் நூல் அதன் பெயரையே தாங்கி நிற்கின்றது. அந்நூலில் வாடை தனியே வருவதில்லை. மழையோடும் கூதிர்ப் பருவத்தோடும் சேர்ந்தே வருகின்றது. இக்கால வானிலை நூலார் வடகிழக்குப் பருவக்காற்று என்று சொல்வதும் ஏறக்குறைய அதுதான். தஞ்சை வயல்களுக்கு ஐப்பசி கார்த்திகையில் நீர் தருவதும், மலாயாத் தீபகற்பத்தின் கிழக்குக் கரையை மார்கழியில் முழுக்காட்டுவதும் அப்பருவமே. அங்கே அது வங்கக் கடலின் ஈரத்தைக் கொண்டு வருகின்றது; இங்கே தென்சீனக் கடலின் ஈரத்தை.

சைபீரியாவில் குளிர்கால இரவு மிக நீண்டது. நிலத்தை மூடிய வெண்பனி, கிடைக்கும் சிறிது வெயிலையும் திருப்பி அனுப்பிவிடும். அங்குள்ள வெர்கோயான்ஸ்க், ஒய்மியாகோன் ஆகிய ஊர்களில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 67 டிகிரிக்கும் இறங்கியதுண்டு. குளிர்ந்த காற்று கனமானது. தரையோடு படிந்து குவியும். தெற்கே வழிந்தோடவும் எளிதில் இயலாது. திபெத்து மேட்டு நிலமும் இமயமும் மதில்போல் மறித்து நிற்கின்றன. எனவே அது அணையில் தேங்கிய நீரைப்போல் ஏறிக்கொண்டே போகும். கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம் சராசரி 1,013 மில்லிபார். சைபீரியாவின் அகாத்தா என்னுமிடத்தில் 1968 டிசம்பர் 31-ஆம் தேதி அது 1,083 மில்லிபாரையும் கடந்தது. பாரமானி வரலாற்றில் மிக உயர்ந்த அளவுகளில் அதுவும் ஒன்று.

அணை எப்போதாவது உடையத்தானே வேண்டும்? உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் காற்றோட்டத்தில் ஒரு வளைவு அப்பகுதியைக் கடக்கும்போது, குவிந்த குளிர்காற்று திடீரெனப் பெயர்ந்து சீனத்தின் கரையோரமாகத் தென்கிழக்கே பாய்கின்றது. இதனைக் குளிர்காற்றுப் பெருக்கு எனலாம். ஓரிரு நாட்களில் ஹாங்காங்கை எட்டும். மேலும் ஓரிரு நாட்களில் தென்சீனக் கடலின் தென்கோடியையே தொட்டுவிடும். 2016 ஜனவரி 24-ஆம் தேதி ஹாங்காங் வானிலை நிலையத்தில் வெப்பநிலை 3.1 டிகிரியாகத் தாழ்ந்தது. 59 ஆண்டுகளாக அந்நகர் காணாத குளிர் அது. 2008-இல் தென்சீனத்தில் பனியும் உறைமழையும் மின்கம்பிகளை அறுத்து, சீனப் புத்தாண்டுக்கு ஊர் திரும்பப் புறப்பட்டவர்களை இலட்சக்கணக்கில் இரயில் நிலையங்களிலேயே நிறுத்திவைத்தன. மங்கோலியாவில் 2009-10 குளிர்காலத்தில் மடிந்த கால்நடைகள் 80 இலட்சத்துக்கும் மேல். ‘ஜூட்’ என்ற ஒரே சொல்லால் அந்நாட்டு இடையர் அத்தகைய பேரழிவைக் குறிப்பர்.

இவ்வளவு கொடிய காற்று கடலின் மேல் இறங்கியதும் அதன் குணம் மாறிவிடுகின்றது. தென்சீனக் கடலின் நீர் வெதுவெதுப்பானது. அதன்மேல் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு வரும் காற்று, குளிரைப் படிப்படியாக இழந்து, அதற்கு ஈடாக நீராவியை ஏற்றிக்கொள்கின்றது. வடக்கே பனியாக இருந்த துன்பம் தெற்கே மழையாக வந்து சேர்கின்றது என்று சொன்னால் பொருந்தும். போர்னியோவுக்கு அருகே கடலின்மேல் உருவாகும் காற்றுச் சுழலொன்றும் சில சமயம் இதனோடு சேர்ந்துகொள்ளும். அவ்வேளையில் மழை நாட்கணக்கில் விடாது.

அந்த மழையை முதலில் வாங்குவது கிளந்தான், திரங்கானு, பகாங் கரையோரம். கோத்தா பாருவில் நவம்பர், டிசம்பர் ஆகிய இரண்டு மாதங்களில் மட்டும் சராசரி 1,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கின்றது. ஓராண்டு முழுவதும் சென்னை காணும் மழையை விட அது பெரிதும் குறைந்ததன்று. பிறகு காற்று மேற்கே நகர்ந்து தித்திவங்சா மலைத்தொடரில் மோதுகின்றது. 2,183 மீட்டர் உயரமுள்ள கோர்பு மலை அத்தொடரின் சிகரங்களில் ஒன்று. ஏறும் காற்று ஈரத்தைக் கொட்டிவிட்டு, மறுபுறம் உலர்ந்து இறங்குகின்றது. அந்த மறுபுறத்தில் இருப்பது பினாங்கு. ஆண்டுக்குச் சுமார் 2,400 மில்லிமீட்டர் மழை பெறும் இத்தீவுக்கு ஜனவரியிலும் பிப்ரவரியிலும் மாதத்துக்கு 100 மில்லிமீட்டர் கிடைப்பதே அரிது. காவடி எடுப்போரின் பாதம் தார்ச்சாலையில் சுடுவதும், வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல்கள் வேண்டியிருப்பதும் ஆண்டின் மிக வறண்ட காலத்தில் அத்திருவிழா அமைந்திருப்பதனாலேயே.

கிழக்குக் கரையாருக்கோ இது ஆண்டுதோறும் வரும் சோதனை. மலாய் மக்கள் இதனை ‘முசிம் தெங்குஜூ’ என்பர். மீனவர் படகுகளைக் கரையேற்றி வலைகளைச் செப்பனிடுவர்; ஆற்றங்கரை வீடுகள் கால்கள்மேல் நிற்கும். பெருவெள்ளங்களை அவர்கள் ஆண்டைச் சொல்லி நினைவு கூர்வதைக் காட்டிலும் நிறத்தைச் சொல்லியே நினைவு கூர்கின்றனர். 1926 டிசம்பரில் வந்தது ‘பா ஆயர் மேரா’, அதாவது செந்நீர் வெள்ளம். 2014 டிசம்பரில் வந்தது ‘பா கூனிங்’, மஞ்சள் வெள்ளம். மலைச்சரிவுகளிலிருந்து ஆறு வாரிக்கொண்டு வந்த மண்ணின் நிறமே அப்பெயர். எந்த அரசாங்க அறிக்கையும் எட்டாத வீடுகளில் பாட்டிமார் வாயிலாக இவ்வெள்ளங்கள் நிலைத்துவிட்டன. 2014-இல் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வீடு விட்டு வெளியேறினர். கோலக்கிராய் வட்டாரத்தில் ஊர்கள் நீருக்குள் மூழ்கின. கெமுபுவில் இருப்புப்பாதைப் பாலத்தையே ஆறு கொண்டுபோயிற்று.

மேற்குப் பக்கத்துக்கும் இச்சோதனை வந்ததுண்டு. 1971 ஜனவரியில் கோலாலம்பூர் நீரில் மூழ்கி, உயிர்ச்சேதமும் நேர்ந்தது. அவ்வாண்டு இறுதியில் வெள்ளத் தடுப்புக்கென நிரந்தர ஆணைக்குழு ஒன்று அமைக்கப்பட்டது. 2007-இல் திறக்கப்பட்ட, மழைநீரும் மோட்டார் வண்டிகளும் செல்லும் சுரங்கப்பாதையும் அந்தத் தலைநகரின் வெள்ள அச்சத்திலிருந்து பிறந்ததே.

அப்படியானால் குளிர் என்பதே இங்கு இல்லையா? சிறிதளவு உண்டு. கேமரன் மலையில் 1978 பிப்ரவரி 1-ஆம் தேதி வெப்பநிலை 7.8 டிகிரிக்கு இறங்கியது. மலேசியாவில் பதிவான மிகக் குறைந்த அளவு அதுவே. சமவெளியில் சில ஆண்டுகளின் ஜனவரியில், 2018-இல் நேர்ந்ததுபோல், சில நாட்கள் பகலிலும் போர்வையைத் தேடும்படி ஆகின்றது. சைபீரியக் குளிரே நேராக வந்துவிட்டது என்று பலர் நினைப்பர். உண்மையில் அடர்ந்த மேகம் வெயிலை மறைப்பதும், இடைவிடாத மழை நிலத்தை ஆற்றுவதும் அதற்குப் பெரும் காரணங்கள். பினாங்குக் கொடிமலையில் 833 மீட்டர் உயரத்தில் எக்காலமும் நகரைவிட ஐந்து டிகிரி அளவு குளிர்ந்திருப்பதற்கு உயரமே காரணம். அக்குளிரை நாடித்தான் ஆங்கிலேயர் அங்கே பங்களாக்கள் கட்டினர். 1923 முதல் இரயிலும் ஏறுகின்றது.

மலை காக்கின்றது என்ற நம்பிக்கையில் ஒரு குறை உண்டு. கிழக்கிலிருந்து வரும் காற்றையே அந்த மதில் தடுக்கும். தீபகற்பத்தின் வடபகுதியில் ஒரு தாழ்வு மண்டலம் அமைந்தால், அதனைச் சுற்றிக் காற்று இடமாகச் சுழலும். அப்போது அதன் தெற்கே இருக்கும் பினாங்குக்குக் காற்று மேற்கிலிருந்து, கடலைத் தாண்டி வரும். மதில் முன்னே நிற்பதற்குப் பதிலாக முதுகுப்புறம் போய்விடும். தீவின் சொந்தக் குன்றுகளே மேகத்தை மறித்து மழையை இறக்கும்.

2017 நவம்பர் 4-ஆம் தேதி சனிக்கிழமை நிகழ்ந்தது இதுவே. பிற்பகலில் வலுத்த மழை மறுநாள் வரை ஓயவில்லை. ஒரு மாதத்தில் பெய்ய வேண்டிய மழை சில இடங்களில் ஒரே நாளில் பெய்துவிட்டது. மரங்கள் வேரோடு சாய்ந்து சாலைகளை அடைத்தன. நள்ளிரவுக்குப் பின் மாநில அரசு இராணுவத்தின் உதவியை வேண்டியது. பினாங்கில் ஏழு பேர் உயிரிழந்தனர். ஆயிரக்கணக்கானோர் நிவாரண முகாம்களில் தங்கினர். வெள்ளமே அறியாதிருந்த தெருக்களிலும் மக்கள் மாடியிலும் மேசைமேலும் இரவைக் கழித்தனர்.

இத்தீவின் ஆறுகள் குட்டையானவை. குன்றிலிருந்து கடலுக்குச் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். இறங்கும் நீருக்குக் கடல் வழிவிட வேண்டும். அன்று முழுநிலா நாள். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் கடலேற்றம் மிகும் என்பது கரையோரத்தில் எல்லாரும் அறிந்ததே. ஏற்ற வேளையில் பினாங்கு ஆற்றின் முகத்துவாரம் ஏறக்குறைய மூடிய கதவு. மேலும், நீர் உறிஞ்சிக்கொண்டிருந்த நிலத்தில் இன்று கட்டடமும் சிமெண்டுத் தளமும் இருக்கின்றன. மழை நீரை நிலம் வாங்காவிட்டால் கால்வாய் வாங்க வேண்டும். கால்வாயோ பழைய அளவிலேயே இருக்கும் இடங்கள் பல. குன்றுகளின் நிலையும் கவலைக்குரியது. அவ்வெள்ளத்துக்கு இரு வாரங்களுக்கு முன், அக்டோபர் 21-ஆம் தேதி, தஞ்சோங் பூங்காவில் கட்டுமான இடமொன்றில் மண் சரிந்து 11 பேர் மாண்டனர். அடுத்த ஆண்டு அக்டோபர் 19-ஆம் தேதி புக்கிட் குக்குஸ் சரிவில் மேலும் ஒன்பது பேர் புதையுண்டனர். மழையின்மேல் முழுப் பழியையும் போடுவது நேர்மையாகாது.

கிளந்தான் மக்கள் மார்கழி வந்தால் அரிசியையும் விளக்கையும் மேலே ஏற்றி வைக்கின்றனர். பினாங்கில் அப்பழக்கம் வேரூன்றவில்லை. ஆண்டுதோறும் வருவதை எவரும் மறப்பதில்லை. எப்போதோ வருவதே மறந்துபோகின்றது, அதுவே அதிக இழப்பைத் தருகின்றது. குளிர்காற்றுப் பெருக்கை மங்கோலிய, சீன நிலையங்களின் அழுத்த அளவைக் கொண்டு சில நாட்களுக்கு முன்பே வானிலைத் துறையினர் காண முடிகின்றது. ஆனால் எந்தப் பள்ளத்தாக்கில், எந்த மணியில் மழை கொட்டும் என்று அவ்வளவு முன்னதாகச் சொல்ல இயலாது. காற்று ஒரு டிகிரி வெப்பம் கூடினால் ஏறக்குறைய ஏழு சதவீதம் அதிக நீராவியைத் தாங்க வல்லது. கடலும் காற்றும் சூடேறி வரும் இக்காலத்தில் அக்கணக்கும் பெருமழைக்கே துணை நிற்கின்றது.

அபூர்வம் என்று ஒதுக்கியவையும் நிகழ்ந்திருக்கின்றன. பூமத்திய ரேகைக்கு அருகே பூமியின் சுழற்சி காற்றைத் திருப்புவது மிகக் குறைவாதலால் அங்கே சூறாவளி உண்டாகாது என்று பாடநூல்கள் சொல்லிவந்தன. 2001 டிசம்பர் 27-ஆம் தேதி, ரேகைக்கு ஒன்றரை டிகிரி தொலைவில், வாமெய் என்ற சூறாவளி ஜொகூரின் தென்கிழக்குக் கரையில் ஏறியது. வலிய குளிர்காற்றுப் பெருக்கொன்று போர்னியோச் சுழலோடு பின்னியதனால் அது பிறந்தது.

தீபகற்பத்தைக் கடந்துவிட்ட தாழ்வு மண்டலங்கள் எல்லாம் மறைந்தொழிவதில்லை. சில அந்தமான் கடலில் மீண்டும் வலுப்பெற்று மேற்கே செல்கின்றன. ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையே பயணம் செய்த தலைமுறையினர், ஐப்பசி கார்த்திகையில் அக்கடலின் கொந்தளிப்பை நன்கு அறிந்தவர்கள். புயல்களும் ஏறக்குறைய அதே வழியில் செல்கின்றன. 2018 நவம்பர் தொடக்கத்தில் தாய்லாந்து வளைகுடாவில் தோன்றிய ஒரு தாழ்வு, தீபகற்பத்தைத் தாண்டி, வங்கக் கடலில் புயலாகி, கஜா என்ற பெயரோடு நவம்பர் 16-ஆம் தேதி விடியுமுன் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. மலேசியத் தமிழர் பலரின் மூதாதையர் கப்பலேறிய அக்கரையில் தென்னந்தோப்புகள் அடியோடு சாய்ந்து கிடந்தன.