சொகுசுக் கப்பல்களில் சிறப்பு உணவு

சொகுசுக் கப்பல்களில் சிறப்பு உணவு என்பது, கடற்பயணத்தின்போது சமயம், கொள்கை, நோய், ஒவ்வாமை முதலிய காரணங்களால் வழக்கமான உணவுப் பட்டியலில் இருந்து மாறுபட்ட உணவு தேவைப்படும் பயணிகளுக்குக் கப்பல் நிறுவனம் செய்து தரும் ஏற்பாட்டைக் குறிக்கும். சொகுசுக் கப்பல்களில் பெரும்பாலான உணவுகளின் விலை பயணக் கட்டணத்திலேயே அடங்கியிருக்கும். எனவே பயணிகள் கப்பலை மதிப்பிடும்போது உணவின் தரம் முதன்மையான இடத்தைப் பெறுகிறது. ஆனால் நிலத்தில் உள்ள உணவகத்துக்கும் கப்பலுக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. கப்பல் துறைமுகத்தை விட்டு நீங்கிய பின், இல்லாத ஒரு பொருளைக் கடைக்குச் சென்று வாங்கி வர இயலாது. சிறப்பு உணவு தொடர்பான விதிமுறைகள் பலவும் இந்த ஒரு காரணத்தில் இருந்தே தோன்றியவை ஆகும்.

வரலாறு

நீராவிக் கப்பல்களின் தொடக்க காலத்தில் குளிரூட்டும் வசதி இருக்கவில்லை. 1840 ஆம் ஆண்டு அத்திலாந்திக் பெருங்கடலைக் கடக்கத் தொடங்கிய கியூனார்ட் நிறுவனத்தின் பிரிட்டானியா என்னும் கப்பலில் பாலுக்காகப் பசு ஒன்று கொண்டு செல்லப்பட்டது. 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இயந்திரக் குளிரூட்டல் பரவிய பின்னரே நீண்ட பயணங்களில் புதிய இறைச்சியும் காய்கறிகளும் வழங்குவது எளிதாயிற்று.

1905 ஆம் ஆண்டு செருமனியின் ஆம்பர்க்-அமெரிக்கா நிறுவனம் தனது அமெரிக்கா என்னும் கப்பலில் ரிட்சு-கார்ல்டன் பெயரில் ஓர் உணவகத்தைத் திறந்தது. பயணிகள் தாம் விரும்பிய உணவைப் பட்டியலில் தேர்ந்தெடுத்துத் தனியாகப் பணம் செலுத்தி உண்ணும் முறை இங்கு நடைமுறைக்கு வந்தது. 1912 இல் மூழ்கிய டைட்டானிக் கப்பலிலும் முதல் வகுப்புப் பயணிகளுக்காக இத்தகைய உணவகம் ஒன்று இருந்தது. அதே கப்பலில் யூத சமய முறைப்படி உணவு சமைப்பதற்கெனத் தனிச் சமையற்காரர் ஒருவரும் பணியாற்றினார். ஐரோப்பாவில் இருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர்களுள் யூதர்கள் பலர் இருந்தமையே இதற்குக் காரணம். ஆகவே சிறப்பு உணவு என்பது அண்மைக்கால வழக்கம் அன்று.

1950களின் இறுதியில் தாரை வானூர்திகள் அத்திலாந்திக்கைக் கடக்கத் தொடங்கியபின் கப்பல்கள் போக்குவரத்துச் சாதனம் என்ற நிலையை இழந்து, விடுமுறைக் களங்களாக மாறின. கார்னிவல் நிறுவனம் 1972 இல் தொடங்கப்பட்டது. 2000 ஆம் ஆண்டில் நார்வீசியன் குரூயிசு லைன் நிறுவனம், குறித்த நேரமும் குறித்த மேசையும் இன்றி விரும்பிய நேரத்தில் உண்ணும் முறையை அறிமுகப்படுத்தியது. பின்னர் ஏனைய நிறுவனங்களும் இதன் வெவ்வேறு வடிவங்களை ஏற்றுக்கொண்டன.

உணவகங்களின் வகைகள்

இன்றைய பெரிய கப்பல்களில் பொதுவாகப் பின்வரும் உணவகங்கள் காணப்படுகின்றன.

முதன்மை உணவுக்கூடம்: பரிமாறுபவர்கள் மேசைக்கே உணவு கொண்டுவரும் பெரிய கூடம். மரபுவழி முறையில் மாலை 6 மணியளவில் முதல் பந்தியும் 8 மணிக்குப் பின் இரண்டாம் பந்தியும் நடைபெறும். பயணம் முழுவதும் ஒரே மேசை, ஒரே பரிமாறுபவர் என்பது இம்முறையின் சிறப்பு.

பஃபே: பயணிகள் தாமே எடுத்து உண்ணும் இடம். விரைவும் தெரிவும் மிகுதி. எனினும் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இடர் மிகுந்த இடமும் இதுவே.

சிறப்பு உணவகங்கள்: இத்தாலிய, சப்பானிய, பிரெஞ்சு முதலிய உணவுகளை வழங்கும் சிறிய உணவகங்கள். இவற்றுக்குப் பெரும்பாலும் தனிக் கட்டணம் உண்டு.

அறைக்கு உணவு அனுப்புதல்: சில நிறுவனங்கள் இதனை இலவசமாகவும் சில கட்டணத்துடனும் வழங்குகின்றன.

கியூனார்ட் நிறுவனத்தின் குயீன் மேரி 2 (2004) போன்ற சில கப்பல்களில், பயணி பெற்றுள்ள அறையின் வகையைப் பொறுத்தே அவர் உண்ணும் உணவகம் அமைகிறது. பழைய வகுப்பு முறையின் எச்சமாக இதனைக் கொள்ளலாம்.

உணவின் தரத்தைத் தீர்மானிப்பவை

2024 இல் சேவைக்கு வந்த ஐகான் ஆஃப் த சீசு கப்பல், அறைக்கு இருவர் என்ற கணக்கில் 5,610 பயணிகளையும், உச்ச அளவாக ஏறத்தாழ 7,600 பயணிகளையும் ஏற்றவல்லது. பணியாளர்கள் ஏறத்தாழ 2,350 பேர். இவர்கள் அனைவருக்கும் நாள்தோறும் பல வேளை உணவு வேண்டும். இவ்வளவு பேருக்கு ஒரே நேரத்தில் சமைப்பது, திருமண விருந்துக்குச் சமைப்பதை நாள்தோறும் செய்வதற்கு ஒப்பாகும். எனவே முதன்மை உணவுக்கூடத்தில் உணவின் பெரும்பகுதி முன்னரே அளவிட்டு ஆயத்தம் செய்யப்பட்டு, பரிமாறும் நேரத்தில் முடிக்கப்படுகிறது. குழம்பு, சாறு, மாவு ஆகியவை பெருங்கலங்களில் ஒட்டுமொத்தமாகச் செய்யப்படுகின்றன. ஒருவருக்காக மட்டும் அவற்றில் இருந்து ஒரு பொருளை நீக்குவது, சமைத்து முடிந்த பின் இயலாத செயல் ஆகும்.

பொருட்கள் ஏற்றுவதும் காலத்தால் கட்டுப்பட்டது. ஒரு பயணம் முடிந்து கப்பல் காலையில் துறைமுகத்தை அடையும். அன்று மாலையே அடுத்த பயணம் தொடங்கும். இடைப்பட்ட சில மணி நேரத்திற்குள் பழைய பயணிகள் இறங்கி, புதியவர்கள் ஏறி, அடுத்த பயணத்திற்கான உணவுப் பொருட்களும் ஏற்றப்பட வேண்டும். அந்த ஏற்றுப் பட்டியலில் இடம்பெறாத பொருள் அப்பயணத்தில் கிடைப்பது அரிது. தீ விபத்து அச்சத்தின் காரணமாகக் கப்பல் சமையற்கூடங்களில் பொதுவாக மின்னடுப்புகளே பயன்படுத்தப்படுகின்றன. திறந்த தீச்சுடரில் ஆக்கப்படும் உணவுகளின் சுவை நிலத்தில் கிடைப்பதிலிருந்து சற்று வேறுபடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சிறப்பு உணவு வேண்டுகோள்கள்

வேண்டுகோள்களை இரு பெரும் பிரிவுகளாகப் பிரிக்கலாம்.

சமயமும் கொள்கையும் சார்ந்தவை

சைவ உணவு (மரக்கறி உணவு) ஏறத்தாழ எல்லாக் கப்பல்களிலும் கிடைக்கிறது. ஆயினும் இச்சொல்லின் பொருள் இடத்துக்கு இடம் மாறுபடும். இந்தியாவிலும் இலங்கையிலும் சைவ உணவு என்றால் முட்டை இல்லாத, பால் உள்ள உணவு என்றே பலர் கொள்வர். மேலை நாட்டு வழக்கில் முட்டை அதனுள் அடங்கலாம். மேலும் இறைச்சிச் சாற்றில் செய்த காய்கறிச் சூப்பு, மீன் சாறு கலந்த ஆசிய உணவுகள், விலங்கெலும்பில் இருந்து பெறப்படும் செலட்டின் சேர்ந்த இனிப்புகள், கன்றின் இரைப்பை நொதியால் உறையவைத்த பாலாடைக்கட்டி ஆகியவை பார்வைக்குச் சைவமாகவே தோன்றும். ஆகவே பெயரை மட்டும் கூறாது, உண்ணாத பொருட்களைத் தனித்தனியே பட்டியலிடுவதே தெளிவானது. பால், தேன் உட்பட விலங்குப் பொருள் எதையும் விலக்கும் நனிசைவ உணவும் தற்போது பல கப்பல்களில் வழங்கப்படுகிறது.

சமண உணவில் உருளைக்கிழங்கு, வெங்காயம், பூண்டு முதலிய நிலத்தடியில் விளைபவை விலக்கப்படுகின்றன. இந்திய உணவு வகைகள் பலவற்றின் அடிப்படையே வெங்காயமும் பூண்டும் ஆதலால், இதற்குத் தனியாகவே சமைக்க வேண்டும். 2021 இல் மும்பையில் இருந்து பயணங்களைத் தொடங்கிய கோர்டிலியா குரூயிசசு நிறுவனம் சமண உணவையும் வழங்குகிறது. இந்நிறுவனத்தின் எம்ப்ரசு கப்பல் 2022 இல் சென்னையில் இருந்தும் பயணங்களை மேற்கொண்டது. 2023 இல் சென்னையில் இருந்து இலங்கைக்கும் சென்றது.

யூதர்களின் கோசர் விதிப்படி இறைச்சிக்கும் பாலுக்கும் தனித்தனிக் கலங்களும் தட்டுகளும் வேண்டும். பொதுச் சமையற்கூடத்தில் இதனைப் பேணுவது கடினம். எனவே பெரும்பாலான கப்பல்கள், சான்று பெற்ற சமையற்கூடங்களில் ஆயத்தம் செய்து உறையவைத்து முத்திரையிட்ட உணவுப் பொதிகளைக் கரையில் இருந்து ஏற்றி வருகின்றன. இப்பொதி பிரிக்கப்படாமலேயே சூடாக்கப்பட்டுப் பயணியின் முன் வைக்கப்படும். இசுலாமியர்களின் ஹலால் உணவைப் பொறுத்தவரை, முறைப்படி அறுக்கப்பட்ட இறைச்சி முன்கூட்டியே வாங்கி ஏற்றப்பட்டிருக்க வேண்டும். ஆசியத் துறைமுகங்களில் இருந்து புறப்படும் கப்பல்களில் இது எளிதாகக் கிடைக்கிறது.

மருத்துவம் சார்ந்தவை

நீரிழிவு, உயர் குருதி அழுத்தம் உள்ளோர்க்கான சர்க்கரை அல்லது உப்புக் குறைந்த உணவு, பாலில் உள்ள லாக்டோசு செரிக்காதோர்க்கான உணவு, கோதுமைப் புரதமான குளூட்டன் நீக்கிய உணவு, ஒவ்வாமை உள்ளோர்க்கான உணவு ஆகியவை இப்பிரிவில் அடங்கும். இவற்றுள் இடரின் அளவு ஒன்றுபோல் இருப்பதில்லை. லாக்டோசு செரியாதவர் சிறிதளவு பால் உட்கொண்டால் வயிற்று உபாதை மட்டுமே அடைவார். பால் புரதத்துக்கு ஒவ்வாமை உள்ளவர் அதே அளவினால் உயிராபத்தை அடையக்கூடும். பரிமாறுபவரிடம் இருவருமே "பால் வேண்டாம்" என்று மட்டும் கூறினால் அவரால் இவ்வேறுபாட்டை அறிய இயலாது.

வேண்டுகோள் செயற்படும் முறை

பயணச்சீட்டுப் பதிவின்போதோ அதன் பின்னரோ நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தேவையைத் தெரிவிப்பது முதற்படி ஆகும். நிறுவனத்தையும் உணவு வகையையும் புறப்படும் துறைமுகத்தையும் பொறுத்து, பெரும்பாலும் 30 முதல் 90 நாட்களுக்கு முன்னரே தெரிவிக்குமாறு கேட்கப்படுகிறது. கோசர் உணவுக்கு இக்கால அளவு பொதுவாகக் கூடுதல். இத்தகவல் பொருட்கள் வாங்கும் பிரிவுக்கும் கப்பலின் உணவுப் பிரிவுக்கும் அனுப்பப்படும்.

கப்பலில் ஏறிய முதல் நாளே பயணி உணவுக்கூட மேலாளரையோ தலைமைப் பரிமாறுபவரையோ நேரில் சந்தித்து அதனை உறுதிப்படுத்த வேண்டும். அதன்பின் ஒவ்வொரு நாள் இரவும் மறுநாளுக்குரிய உணவுப் பட்டியல் அப்பயணியிடம் காட்டப்படும். அவர் தெரிவு செய்த உணவு, பிற உணவுகளில் இருந்து பிரித்துத் தனியாக ஆயத்தம் செய்யப்படும். எதுவும் கூறாமல் மேசைக்கு வந்து அமர்ந்த பின் கேட்பவருக்கு, பட்டியலில் உள்ளவற்றுள் பொருந்துவதைக் காட்டுவதைத் தவிர சமையற்காரரால் அதிகம் செய்ய முடிவதில்லை.

ஒவ்வாமையும் பொருட்கலப்பும்

ஒவ்வாமை ஊட்டும் பொருள் உணவில் நேரடியாகச் சேர்க்கப்படாவிடினும் கரண்டி, வெட்டுப்பலகை, பொரிக்கும் எண்ணெய் ஆகியவற்றின் வழியே அதனுள் நுழையலாம். இறால் பொரித்த எண்ணெயில் பொரித்த உருளைக்கிழங்கு இறால் ஒவ்வாமை உள்ளவருக்கு ஏற்றதன்று. கிருமிகளைப் போல ஒவ்வாமைப் புரதங்கள் சூட்டினால் அழிந்துவிடும் என்று நம்ப இயலாது. பஃபேயில் ஒரு கரண்டி ஒரு பாத்திரத்தில் இருந்து மற்றொன்றுக்கு மாறுவது வழக்கம் ஆதலால், அங்கு பெயர்ப்பலகையை மட்டும் நம்புவது போதுமானதன்று. இதனாலேயே, ஒவ்வாமைப் பொருள் அறவே இல்லாத சூழலுக்குக் கப்பல் நிறுவனங்கள் பொதுவாக உறுதி அளிப்பதில்லை.

கடும் ஒவ்வாமை சில நிமிடங்களிலேயே மூச்சுத் திணறலையும் குருதி அழுத்த வீழ்ச்சியையும் ஏற்படுத்தலாம். கப்பலில் மருத்துவ நிலையம் இருப்பினும் அது பெரிய மருத்துவமனைக்கு ஈடாகாது. உலங்கு வானூர்தி மூலம் நோயாளியைக் கரைசேர்ப்பதும் தொலைவையும் வானிலையையும் பொறுத்தது. எனவே அட்ரினலின் ஊசி பரிந்துரைக்கப்பட்டவர்கள் அதனைத் தம் அறையில் வைக்காது எப்போதும் உடன் வைத்திருப்பது இன்றியமையாதது.

சட்டங்கள்

கப்பல்கள் பல பகாமாசு, பனாமா, மால்ட்டா முதலிய நாடுகளில் பதிவு செய்யப்பட்டவை. ஆதலால் உணவு பற்றிய விதிகள் பயணத்துக்குப் பயணம் வேறுபடலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1169/2011 ஆம் ஒழுங்குவிதி, 14 வகை ஒவ்வாமைப் பொருட்கள் பற்றிய தகவலை உணவகங்களும் வழங்கவேண்டும் எனக் கூறுகிறது. 2014 டிசம்பர் 13 முதல் நடைமுறையில் உள்ள இவ்விதி, ஒன்றிய நாடுகளில் இருந்து புறப்படும் போக்குவரத்து நிறுவனங்களின் உணவுச் சேவைக்கும் பொருந்தும். ஐக்கிய அமெரிக்காவில் 2004 ஆம் ஆண்டுச் சட்டம் பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, மரக்கொட்டைகள், நிலக்கடலை, கோதுமை, சோயா ஆகிய எட்டையும் முதன்மை ஒவ்வாமைப் பொருட்கள் என வரையறுத்தது. 2023 சனவரி முதல் எள் ஒன்பதாவதாகச் சேர்க்கப்பட்டது. எனினும் அச்சட்டத்தின் முதன்மை நோக்கம் பொதியிட்ட உணவுகளின் சீட்டுகளே ஆகும். குளூட்டன் அற்றது எனக் குறிப்பதற்கு இரு இடங்களிலும் ஒரு கிலோகிராமுக்கு 20 மில்லிகிராம் என்பதே எல்லை.

சுகாதாரக் கண்காணிப்பு

ஐக்கிய அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையம் 1970களில் கப்பல் சுகாதாரத் திட்டத்தை ஏற்படுத்தியது. வெளிநாட்டுப் பயணத்தில் அமெரிக்கத் துறைமுகங்களைத் தொடும், 13 அல்லது அதற்கு மேற்பட்ட பயணிகளைக் கொண்ட கப்பல்கள் இதில் அடங்கும். முன்னறிவிப்பின்றிச் செய்யப்படும் சோதனையில் 100க்கு 86 புள்ளிகள் பெற்றால் தேர்ச்சி. 85 அல்லது அதற்குக் குறைவானால் தோல்வி. சூடான உணவு 57 பாகை செல்சியசுக்குக் குறையாமலும் குளிர்ந்த உணவு 5 பாகைக்கு மிகாமலும் வைக்கப்பட வேண்டும். சோதனை முடிவுகள் பொதுமக்கள் பார்வைக்கு வெளியிடப்படுகின்றன.

கப்பல்களில் வயிற்றுப்போக்குக்குக் காரணமாவதில் நோரோ வைரசு முதன்மையானது. மதுசாரம் கலந்த கைத்திரவம் இதற்கு எதிராக முழுப் பயன் தருவதில்லை. சோப்பும் நீரும் கொண்டு கழுவுவதே சிறந்தது. நோய் பரவும்போது பஃபேயில் பயணிகள் தாமே எடுப்பது நிறுத்தப்பட்டு, பணியாளர்களே பரிமாறுவர். இங்கு குறிப்பிடப்பட்ட புள்ளிகள் தூய்மையை அளப்பனவே அன்றிச் சுவையை அளப்பன அல்ல.

பயணிகள் கவனிக்க வேண்டியவை

* தேவையைப் பதிவின்போதே எழுத்தில் தெரிவித்து, அதற்கான பதிலைப் பெற்று வைத்திருத்தல்.
* விருப்பம், செரியாமை, ஒவ்வாமை ஆகியவற்றுள் எது என்பதைத் தெளிவாகக் கூறுதல்.
* ஒவ்வாமைப் பொருட்களின் பெயரைப் பரிமாறுபவர் அறிந்த மொழியில் எழுதிய சிறு அட்டையை உடன் வைத்திருத்தல்.
* சிறப்பு உணவகங்களிலும் கரைச் சுற்றுலாக்களிலும் மீண்டும் தெரிவித்தல். முதன்மை உணவுக்கூடத்தில் கூறிய தகவல் அங்கெல்லாம் சென்றடையும் எனக் கொள்ளலாகாது.
* ஐயம் உள்ள உணவைத் தவிர்த்து, மேசைக்குக் கொண்டுவரப்படும் தனி உணவைத் தெரிவு செய்தல்.