வங்கி பிடித்த பணத்தைத் திரும்ப வாங்க முடியுமா? 'அநியாயம்' என்று எழுதாதீங்க... விதியைக் காட்டுங்க!

2023 செப்டம்பரில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை திட்டம் தொடங்கியபோது, ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் வங்கிக் கணக்குக்கு ரூ.1,000 போனது. ஆனால் சிலர் ஏடிஎம்முக்குப் போய்ப் பார்த்தால் பணம் முழுசா இல்லை. 'மினிமம் பேலன்ஸ் வைக்கவில்லை' என்று பழைய பாக்கியை வங்கிகள் அதில் கழித்துக்கொண்டன. உதவித் தொகையில் இப்படிக் கை வைக்கக் கூடாது என்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அறிக்கை விட்டு, பாதிக்கப்பட்டவர்கள் 1100 என்ற எண்ணில் புகார் சொல்லலாம் என்று அறிவிக்க வேண்டியிருந்தது.

அன்று அரசே தலையிட்டதால் அது செய்தியானது. மற்ற நாட்களில்? ரூ.236 பிடித்தம் என்று ஒரு எஸ்எம்எஸ் வரும். 200 ரூபாய் அபராதம், 36 ரூபாய் ஜிஎஸ்டி. 'சரி, போகுது' என்று விட்டுவிடுவோம். அப்படி விட்ட பணம் எவ்வளவு தெரியுமா? 2019-20 முதல் 2023-24 வரை ஐந்து ஆண்டுகளில், பொதுத்துறை வங்கிகள் மட்டும் மினிமம் பேலன்ஸ் அபராதமாக வசூலித்தது சுமார் 8,500 கோடி ரூபாய். 2024-ல் நாடாளுமன்றத்தில் மத்திய அரசே கொடுத்த கணக்கு இது.

எஸ்பிஐ 2020 மார்ச்சிலேயே சேமிப்புக் கணக்குகளுக்கு இந்த அபராதத்தைக் கைவிட்டது. கனரா வங்கி, இந்தியன் வங்கி, பஞ்சாப் நேஷனல் வங்கி போன்றவை 2025-ல் கைவிட்டன. தனியார் வங்கிகள் பலவற்றில் இன்னும் இருக்கிறது. வேலை மாறியவர்கள் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். பழைய கம்பெனியின் சம்பளக் கணக்கில் சில மாதம் சம்பளம் வராவிட்டால், அது சாதாரண சேமிப்புக் கணக்காக மாறிவிடும். அதற்குப் பிறகு மினிமம் பேலன்ஸ் விதி ஓட ஆரம்பிக்கும்.

பிடித்த பணத்தைத் திரும்பக் கேட்கலாமா? கேட்கலாம். ஆனால் எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

'ரொம்ப அதிகம்' என்ற வாதம் ஏன் நிற்காது?

இதற்கு பிரிட்டனில் ஒரு முன்கதை உண்டு. கணக்கில் இருப்பதைவிட அதிகமாகச் செலவானால் அங்குள்ள வங்கிகள் போட்ட அபராதத்தை எதிர்த்து, 2006, 2007 வாக்கில் ஆயிரக்கணக்கான மக்கள் வங்கிகளுக்குக் கடிதம் எழுதினார்கள். பணம் வராவிட்டால் சிறு தொகை வழக்குகளுக்கான நீதிமன்றத்துக்குப் போனார்கள். வழக்கை நடத்துவதைவிட பணத்தைத் திருப்பித் தருவதே மேல் என்று பல வங்கிகள் கொடுத்தும்விட்டன. பிறகு ஒரு சோதனை வழக்கு மேலே மேலே போனது. 2009 நவம்பர் 25-ம் தேதி பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வங்கிகளுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. கட்டணத்தின் அளவு நியாயமா என்பதை, அப்போதிருந்த நுகர்வோர் ஒப்பந்த விதிகளை வைத்து ஆராய முடியாது என்பதுதான் அதன் சாரம். அத்தோடு அந்த அலை அடங்கியது.

இந்தியாவிலும் கிட்டத்தட்ட இதே சுவர் இருக்கிறது. மினிமம் பேலன்ஸ் எவ்வளவு என்பதை வங்கிகளே முடிவு செய்யலாம் என்பதுதான் ரிசர்வ் வங்கியின் நிலை. வங்கியின் வணிக முடிவு பற்றிய புகாரை ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேன், அதாவது குறைதீர்ப்பாளர், எடுத்துக்கொள்ள மாட்டார். '500 ரூபாய் அபராதம் அநியாயம்' என்று மட்டும் எழுதினால், 'அது வங்கியின் முடிவு' என்று கோப்பை மூடிவிடலாம். '500 ரூபாய் பிடிக்கும் முன் எனக்கு அறிவிப்பு தரவில்லை, இது ரிசர்வ் வங்கி விதிக்கு எதிரானது' என்று எழுதினால் கதையே வேறு. அது சேவைக் குறைபாடு. அதை விசாரித்தாக வேண்டும்.

அப்படி என்ன விதிகள் இருக்கின்றன?

முக்கியமானது 2014 நவம்பர் 20-ம் தேதி ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை. 2015 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இருப்பு குறைந்த உடனே அபராதம் போடக் கூடாது. எஸ்எம்எஸ், இமெயில் அல்லது கடிதம் மூலம் வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு இருப்பைச் சரிசெய்ய ஒரு மாதம் தர வேண்டும். அதற்கப்புறம்தான் அபராதம். அந்த அபராதமும் எவ்வளவு குறைகிறதோ அதற்கு ஏற்ற விகிதத்தில் இருக்க வேண்டும். 5,000 ரூபாய்க்கு 200 ரூபாய் குறைந்தவருக்கும் 4,800 ரூபாய் குறைந்தவருக்கும் ஒரே அபராதம் என்றால், கேள்வி கேட்க இடமிருக்கிறது.

இன்னொன்று பலருக்குத் தெரியாதது. இந்த அபராதத்தால் மட்டும் சேமிப்புக் கணக்கின் இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே, மைனஸில் போகக் கூடாது. கணக்கில் 40 ரூபாய்தான் இருக்கிறது என்றால், மைனஸ் 900 என்று காட்டி, அடுத்து வரும் பணத்திலிருந்து எடுத்துக்கொள்வதை இந்த விதியை வைத்தே எதிர்க்கலாம்.

இரண்டு வருஷம் நீங்கள் எந்தப் பரிவர்த்தனையும் செய்யாத கணக்கு 'செயல்படாத கணக்கு' ஆகிவிடும். அதில் மினிமம் பேலன்ஸ் அபராதம் போடவே முடியாது. 2024 ஏப்ரல் 1 முதல் அமலான உத்தரவு இதை மறுபடியும் தெளிவாகச் சொல்கிறது. ஜீரோ பேலன்ஸ் அடிப்படை சேமிப்புக் கணக்கு என்றால் மினிமம் பேலன்ஸ் என்ற பேச்சே கிடையாது.

(நடுவில் ஒரு விஷயம். 'மாத சராசரி இருப்பு 5,000' என்றால் தினமும் 5,000 இருக்க வேண்டும் என்று அர்த்தம் இல்லை. ஒவ்வொரு நாள் முடிவிலும் உள்ள இருப்பைக் கூட்டி, நாட்களின் எண்ணிக்கையால் வகுப்பார்கள். 30 நாள் மாதத்தில் ஒரே ஒரு நாள் ஒன்றரை லட்சம் இருந்து, மற்ற நாள் எல்லாம் பூஜ்யமாக இருந்தாலும் சராசரி 5,000 வந்துவிடும். புகார் எழுதும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். வங்கி போட்ட கணக்கே தப்பாக இருக்கலாம்.)

மினிமம் பேலன்ஸ் மட்டும் இல்லை. எஸ்எம்எஸ் கட்டணத்தை எல்லோரிடமும் மொத்தமாக வாங்காமல், உண்மையில் எத்தனை எஸ்எம்எஸ் போனதோ அதற்கு ஏற்ப வாங்க வேண்டும் என்று 2013-லேயே சொல்லப்பட்டிருக்கிறது. கடன் தவணை தவறினால் போடும் அபராதத்தை அசலோடு சேர்த்து, அதற்கும் வட்டி போடுவது கூடாது என்று 2023 ஆகஸ்டில் உத்தரவு வந்தது. ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்தால் 5 நாளுக்குள் திருப்பிப் போட வேண்டும். தாமதமானால் ஒரு நாளைக்கு 100 ரூபாய் இழப்பீடு, அதுவும் நீங்கள் கேட்காமலேயே. பாஸ்புக்கில் திடீரென்று 436 ரூபாய் அல்லது 20 ரூபாய் கழிந்திருக்கிறதா? பிரதமர் பெயரிலான ஆயுள் காப்பீடு, விபத்துக் காப்பீடு திட்டங்களின் ஆண்டு பிரீமியம் அதுதான். கையெழுத்தே போடவில்லை என்றால், சம்மதப் படிவத்தின் நகலைக் காட்டச் சொல்லுங்கள். நல்ல திட்டமாகவே இருக்கட்டும், சம்மதம் இல்லாமல் சேர்க்க முடியாது.

முதல் புகார் வங்கிக்குத்தான்

இந்த இடத்தில்தான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். கோபத்தில் நேராக ரிசர்வ் வங்கிக்கு எழுதுவார்கள். அது ஏற்கப்படாது. முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் போயிருக்க வேண்டும். கிளைக்குப் போய் மேனேஜரிடம் பேசியது கணக்கில் வராது. கஸ்டமர் கேருக்குப் பேசினாலும் புகார் எண் வாங்காமல் வைக்காதீங்க. இமெயில் சிறந்தது, தேதி தானாகப் பதிவாகிவிடும். கையால் எழுதிக் கொடுத்தால் நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடிதம் நீளமாக இருக்கத் தேவையில்லை. இப்படி எழுதினால் போதும்:

"என் சேமிப்புக் கணக்கில் இந்தத் தேதியில் ரூ.236 பிடிக்கப்பட்டுள்ளது. பிடிக்கும் முன் ஒரு மாத அவகாசத்துடன் எனக்கு எந்த அறிவிப்பும் வரவில்லை. இது 20.11.2014 தேதியிட்ட ரிசர்வ் வங்கி சுற்றறிக்கைக்கு எதிரானது. அறிவிப்பு அனுப்பியிருந்தால் அதன் தேதியையும், அபராதத்தைக் கணக்கிட்ட விதத்தையும் தெரிவிக்கவும். இல்லையென்றால் தொகையை ஜிஎஸ்டியுடன் திருப்பி வரவு வைக்கவும்."

கூடவே, பிடித்தம் தெரியும்படி ஸ்டேட்மென்ட் பக்கத்தை இணைத்துவிடுங்கள். மூன்று வருஷமாகப் பிடித்திருந்தால் மூன்று வருஷப் பட்டியலையும் போடுங்கள். சின்னத் தொகையாக இருந்தால் பல நேரம் இந்தக் கட்டத்திலேயே பணம் வந்துவிடும். 'நல்லெண்ண அடிப்படையில்' திருப்பித் தருகிறோம் என்று வங்கி சொல்லும். சொல்லிக்கொள்ளட்டும், பணம் வந்தால் சரி.

மறுத்தால்? பெரிய வங்கிகளில் 'உள் குறைதீர்ப்பாளர்' என்று ஒருவர் இருப்பார். உங்கள் புகாரை வங்கி முழுசாகவோ பாதியாகவோ நிராகரிப்பதாக இருந்தால், அவர் பார்த்த பிறகுதான் கடைசிப் பதில் தர வேண்டும். பதிலில் அந்தக் குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

30 நாள் ஆச்சா? அடுத்து ஆம்பட்ஸ்மேன்

வங்கி மறுத்தாலும், திருப்தி இல்லாத பதில் தந்தாலும், 30 நாளில் பதிலே தராவிட்டாலும் ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். 2021 நவம்பரில் தொடங்கிய ஒருங்கிணைந்த திட்டத்தில் நாடு முழுக்க ஒரே வாசல்தான். ரிசர்வ் வங்கியின் சிஎம்எஸ் இணையதளத்தில் பதிவு செய்யலாம். தபாலில் அனுப்பினால் சண்டிகரில் உள்ள மையத்துக்குப் போகும். சந்தேகம் இருந்தால் 14448-க்கு அழைத்து தமிழிலேயே கேட்கலாம். கட்டணம் கிடையாது. வக்கீல் தேவையில்லை, இன்னும் சொல்லப்போனால் வக்கீல் மூலம் புகார் தரவே முடியாது.

2021 திட்டப்படி, வங்கியின் பதில் வந்ததிலிருந்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். அவ்வளவு நாள் காத்திருக்காதீர்கள். பிடித்த பணத்தோடு சேர்த்து, அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை இழப்பீடு தர ஆம்பட்ஸ்மேனுக்கு அந்தத் திட்டம் அதிகாரம் தருகிறது. 236 ரூபாய்க்கு லட்சம் கிடைக்கும் என்று கனவு காண வேண்டாம். ஆனால் அந்தக் கோரிக்கையைப் படிவத்தில் எழுதாமல் விடவும் வேண்டாம்.

பெரும்பாலும் முதலில் சமரசத்துக்குத்தான் முயற்சி செய்வார்கள். அது நடக்காமல் உங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தால், அதை ஏற்பதாக 30 நாளுக்குள் வங்கிக்கு நீங்கள் எழுதித் தர வேண்டும். தராவிட்டால் தீர்ப்பே காலாவதியாகிவிடும். ஜெயித்த பிறகு தோற்பதற்கு இது ஒரு வழி!

நுகர்வோர் ஆணையம் எப்போது?

ஆம்பட்ஸ்மேன் முடிவு பிடிக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. பிரிட்டனின் அந்தச் சிறு தொகை நீதிமன்றத்துக்கு நம்ம ஊரில் நெருக்கமானது இதுதான். வரிசையை மாற்றிவிடாதீர்கள். ஆணையத்தில் வழக்கு நிலுவையில் இருக்கும் விஷயத்தை ஆம்பட்ஸ்மேன் தொடமாட்டார். அதனால் முதலில் ஆம்பட்ஸ்மேன். ஆனால் பிரச்னை நடந்ததிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் ஆணையத்துக்குப் போக வேண்டும், அந்தக் கடிகாரம் ஆம்பட்ஸ்மேனுக்காக நிற்காது.

2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் ஊரிலோ வேலை செய்யும் ஊரிலோ வழக்குப் போடலாம். வங்கியின் தலைமை அலுவலகம் மும்பையில் இருக்கிறதே என்ற கவலை வேண்டாம். செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் பூஜ்யம். வக்கீல் கட்டாயம் இல்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம், வீடியோ கான்பரன்ஸ் மூலம் விசாரணைக்கு வர அனுமதி கேட்கலாம். எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இங்கேயும் அதே எச்சரிக்கைதான். 'ஒப்பந்தமே நியாயமற்றது' என்று வாதாட சட்டத்தில் இடம் உண்டு, ஆனால் அது மாவட்ட ஆணையத்தில் முடியாது, மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். மாவட்டத்தில் விதி மீறலையும் சேவைக் குறைபாட்டையும் மட்டும் பேசுங்கள்.

வங்கிக்கு நோட்டீஸ் கிடைத்து மூன்று மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் வாய்தா மேல் வாய்தா விழும். ஒற்றை 236 ரூபாய்க்கு இவ்வளவு தூரம் போவது சரிவராது என்றே தோன்றுகிறது, அதற்கு ஆம்பட்ஸ்மேன் போதும். பல வருஷமாகச் சேர்ந்த பிடித்தம், கடன் கணக்கில் ஏறிய அபராதம், தவறான பிடித்தத்தால் செக் திரும்பிப் பட்ட அவமானம் என்றால் போகத்தான் வேண்டும்.

தோற்ற வங்கி 45 நாளுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம், அதற்கு உத்தரவிட்ட தொகையில் பாதியை முதலில் கட்ட வேண்டும். மேல்முறையீடும் செய்யாமல் பணமும் தராமல் இருந்தால், அதே ஆணையத்தில் நிறைவேற்ற மனு போடுங்கள். சட்டத்தின் 72-வது பிரிவு, உத்தரவை மதிக்காதவர்களுக்கு ஒரு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை, அல்லது 25,000 முதல் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று சொல்கிறது.